நிர்வாகச் செலவு ‘பூஜ்ஜியம்’னு எழுதாதீங்க: சின்ன டிரஸ்ட்டுக்கு கிராண்ட் கேட்பது எப்படி?



நம்ம சேனல்ல வழக்கமா வரி, இன்ஷூரன்ஸ், ஓய்வுக்காலச் சேமிப்புன்னு தனிநபர் பணத்தைப் பத்திதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு டிரஸ்ட்டோட பணத்தைப் பத்திப் பேசப் போறோம். ஆனா இந்தக் கதையும் ஒரு தனிநபரோட ஓய்வுக்காலப் பணத்துலதான் ஆரம்பிக்குது.

விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்க ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருத்தர், நாலஞ்சு பேரைச் சேர்த்துக்கிட்டு ஒரு டிரஸ்ட் நடத்துறாங்க. மாலை நேரப் படிப்பு மையம் மூணு, மொத்தம் 90 பிள்ளைங்க. அவங்களோட தனிப்பட்ட வருமான வரி ரிட்டர்னை நான்தான் ஒவ்வொரு வருஷமும் போடுறேன். டிரஸ்ட்டுக்கு ஆடிட் வேற ஒருத்தர். ஆனா முதன்முதலா ஒரு தொழிற்சாலையோட சி.எஸ்.ஆர் பிரிவுக்கு அவங்க விண்ணப்பம் போட்டப்ப, பட்ஜெட் போட உதவி பண்ணினது நான். 3,60,000 ரூபாய் கேட்டோம், கிடைச்சுது. அடுத்த வருஷமும் அதே தொகை கிடைச்சுது. நானும் பெருமையா இருந்தேன்.

ரெண்டாவது வருஷ முடிவுல அவங்க ரிட்டர்னுக்காக ஏ.ஐ.எஸ் அறிக்கையைத் திறந்தேன். ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி முந்தைய வருஷத்தைவிடக் கணிசமா குறைஞ்சிருக்கு.

“டீச்சர், வட்டி ஏன் இவ்வளவு இறங்கியிருக்கு? வேற பேங்க்ல ஏதாவது போட்டிருக்கீங்களா?”

“இல்ல தம்பி, எஃப்.டி.யை உடைச்சுட்டேன். சென்டருக்கு வேண்டியிருந்தது.”

“அதான் கிராண்ட் வருதே?”

“அது வாத்தியார் சம்பளத்துக்கும் சுண்டலுக்கும் சரியாப் போயிடுது. வாடகை யார் குடுக்கிறது? கணக்கு எழுதுற பொண்ணுக்கு யார் குடுக்கிறது? நீங்கதான தம்பி, ‘நிர்வாகச் செலவு எதுவும் காட்ட வேணாம், அப்பதான் கிடைக்கும்’னு சொன்னீங்க?”

ஆமா, நான்தான் சொன்னேன். ரெண்டு வருஷத்துல அவங்க பணிக்கொடையிலிருந்து போன தொகை 2,64,000 ரூபாய். இதுல ஒரு ரூபாய்கூட டிரஸ்ட் கணக்குல நன்கொடையாகவும் வரல, கடனாகவும் வரல. பில்லை எல்லாம் நேரடியா அவங்களே கட்டியிருக்காங்க. கம்பெனி ஃபைல்ல ஒரு பிள்ளைக்கு 4,000 ரூபாய்ல பத்து மாசம் படிப்பு நடக்குதுன்னு இருக்கு. அது உண்மை இல்ல. டீச்சருக்கு உடம்பு முடியாமப் போனா, அந்த 4,000 ரூபாய்க்கு அந்த மையத்தை யாராலயும் நடத்த முடியாது.

என் தப்பான ஆலோசனையை நான் எப்படித் திருத்தினேன்னுதான் இந்தப் பதிவு. ஊர்ல சின்னதா டிரஸ்ட், சங்கம் நடத்துறவங்க, நடத்துறவங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவங்க எல்லாரும் படிங்க.

முதல்ல, பணம் கொடுக்கிறது யார்?

‘கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்’ அப்படிங்கிற அமைப்பு 1914-ல அமெரிக்காவுல கிளீவ்லாந்து நகரத்துல ஆரம்பிச்சது. ஃபிரெடெரிக் காஃப் அப்படிங்கிற வங்கியாளரோட யோசனை. ஊர்ல வசதியானவங்க தர்மத்துக்குன்னு உயில் எழுதி வெச்சுட்டுப் போயிடுவாங்க. ஐம்பது வருஷம் கழிச்சு அந்தத் தேவையே இருக்காது, பணம் முடங்கிக் கிடக்கும். அதனால பலரோட பணத்தை ஒரே நிதியாச் சேர்த்து, அந்தந்தக் காலத்துல ஊருக்கு எது தேவையோ அதுக்கு உள்ளூர்க் குழு ஒண்ணு முடிவு பண்ணிக் கொடுக்கட்டும்னு ஏற்பாடு பண்ணினார்.

நம்ம ஊர்ல இந்த மாதிரி அமைப்புகள் ரொம்பக் கம்மி. ஒரு சின்ன டிரஸ்ட் நடைமுறையில கதவைத் தட்டக்கூடிய இடங்கள் மூணு: கம்பெனிகளோட சி.எஸ்.ஆர் நிதி, குடும்ப அறக்கட்டளைகள், ரோட்டரி, லயன்ஸ் மாதிரி சங்கங்கள்.

இதுல பெரிசு சி.எஸ்.ஆர். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135 படி, நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். அதே பிரிவுல நமக்குச் சாதகமான ஒரு வரி இருக்கு: கம்பெனி தான் இயங்குற உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கணும். அதனால மும்பை அட்ரஸுக்கு ஐம்பது ஈமெயில் போடுறதுக்கு முன்னாடி, உங்க மாவட்டத்துல எந்தக் கம்பெனிக்கு ஃபேக்டரி இருக்குன்னு ஒரு பட்டியல் போடுங்க. சி.எஸ்.ஆர் கொள்கையையும், போர்டு ஒப்புதல் கொடுத்த திட்டங்களையும் கம்பெனி தன் இணையதளத்துல வெளியிடணும்னு விதியே இருக்கு. அதைப் படிச்சா, அவங்க படிப்புக்குக் கொடுக்கிறாங்களா, குளம் தூர்வாரக் கொடுக்கிறாங்களான்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும்.

விண்ணப்பத்துக்கு முன்னாடி கையில இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு சின்னக் குறிப்பு. வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறுது. எல்லாருக்கும் பழகின பழைய பெயரையே நான் இங்க பயன்படுத்துறேன்.

1. டிரஸ்ட் பத்திரம், இல்ல தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படியான பதிவுச் சான்று. டிரஸ்ட் பெயரில் பான், டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு. அறங்காவலர் பெயரில் இருக்கிற கணக்கு செல்லாது.

2. 12ஏ பதிவு. புதுசுன்னா தற்காலிகப் பதிவு 3 வருஷத்துக்கு. அப்புறம் முறையான பதிவு 5 வருஷத்துக்கு. முந்தைய ரெண்டு வருஷமும் வருமானம் 5 கோடிக்கு மேல போகாத அமைப்புகளுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து அது 10 வருஷம் ஆச்சு.

3. 80ஜி அனுமதி. இதுக்கு அந்த 10 வருஷச் சலுகை கிடையாது. 12ஏ முடியுற தேதியும் 80ஜி முடியுற தேதியும் வேற வேறயா இருக்கலாம். ரெண்டையும் காலண்டர்ல குறிச்சு வைங்க. 80ஜி காலாவதியானது தெரியாம விண்ணப்பம் போட்டு, அந்த ஒரே காரணத்துக்காக நிராகரிக்கப்பட்ட அமைப்புகளை நான் பார்த்திருக்கேன்.

4. சி.எஸ்.ஆர்-1 பதிவு எண். 2021 ஏப்ரல் 1-க்கு அப்புறம் இது இல்லாம கம்பெனி உங்க வழியா சி.எஸ்.ஆர் பணத்தைச் செலவு பண்ண முடியாது. கூடவே, அதே மாதிரி வேலையில குறைஞ்சது 3 வருஷ அனுபவம் இருக்கணும். போன மாசம் ஆரம்பிச்ச டிரஸ்ட்டுக்கு சி.எஸ்.ஆர் கிடைக்காது. அந்த 3 வருஷம் ஊர்க்காரங்க நன்கொடையில நடத்துங்க. ஆனா முதல் வருஷத்துல இருந்தே ஆடிட் பண்ணி வைங்க. நாளைக்கு அனுபவத்துக்குச் சாட்சி அந்தக் கணக்குதான்.

5. நிதி ஆயோக்கோட தர்பன் எண். பெரும்பாலான கொடையாளர்கள் கேட்பாங்க.

6. கடைசி 3 வருஷ ஆடிட் அறிக்கை, வரி ரிட்டர்ன். நன்கொடையாளர் விவரம் கொடுக்கிற 10பிடி படிவத்தை மே 31-க்குள்ள தாக்கல் பண்ணியிருக்கணும்.

அமெரிக்காவுல, சிங்கப்பூர்ல இருந்து பணம் வரும்னு நம்பியிருந்தா இதையும் கவனிங்க. எஃப்.சி.ஆர்.ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாம வெளிநாட்டு அமைப்புகிட்ட பணம் வாங்கவே கூடாது. உங்க ஊர்ப் பையன் இந்தியக் குடிமகனா இருந்து, அங்க சம்பாதிச்ச சொந்தப் பணத்தை வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை இல்ல. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டா, அது வெளிநாட்டு நன்கொடை. தவிர, 2020 திருத்தத்துக்கு அப்புறம் எஃப்.சி.ஆர்.ஏ இருக்கிற ஒரு அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்தியும் விட முடியாது. ‘அவங்க கணக்குல வாங்கி நமக்குத் தரட்டும்’கிற வழி அடைஞ்சாச்சு.

ப்ரொபோசல்: ஊர் தெரியணும், எண்ணிக்கை தெரியணும்

எங்க முதல் விண்ணப்பத்துல ‘கிராமப்புற ஏழைக் குழந்தைகளின் கல்வித் தரத்தை மேம்படுத்துதல்’னு எழுதியிருந்தோம். இதை எந்த ஊர் டிரஸ்ட்டும் எழுதலாம். படிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது.

மூணாவது வருஷம் இப்படி மாத்தினோம்: ‘மூணு தெருக்களில் 3 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் 90 பிள்ளைகள் எங்கள் மையங்களுக்கு வருகிறார்கள். ஜூன் மாதம் நாங்கள் படிக்கவைத்துப் பார்த்ததில் 41 பேருக்கு ஒரு பத்தித் தமிழைத் தடுமாறாமல் படிக்க வரவில்லை. மார்ச் மாதத்துக்குள் இவர்களில் 30 பேரைப் படிக்கவைப்பது எங்கள் இலக்கு. ஜூன், அக்டோபர், மார்ச் என மூன்று முறை அதே முறையில் சோதித்துப் பெயர்வாரியாகப் பதிவு செய்வோம்.’

நாலே வாக்கியம்தான். பிரச்சினை எங்க இருக்கு, எத்தனை பேர், எப்ப முடியும், முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும், எல்லாம் வந்துடுச்சு. 41 பேரும்னு எழுதாம 30-னு எழுதினதையும் கவனிங்க. செய்ய முடியுறதை மட்டும் வாக்குக் கொடுங்க. அடுத்த வருஷம் அதே ஆள்கிட்ட போய் நிக்கணும்ல?

இப்ப பட்ஜெட்: நான் போட்ட தப்பும், சரியான கணக்கும்

முதல் வருஷம் நாங்க கொடுத்தது இதுதான்.

- ஆசிரியர்கள் 3 பேர் × மாதம் 6,000 × 10 மாதம் = 1,80,000
- மாலைச் சுண்டல்: 90 பிள்ளைங்க × 8 ரூபாய் × 200 நாள் = 1,44,000
- நோட்டு, பாடப்பொருள்: 90 × 400 = 36,000
- மொத்தம் 3,60,000

பார்க்க அழகா இருக்கு. போட்ட ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைக்குப் போகுது. ஆனா இந்த மையம் நடக்கணும்னா தேவைப்படுற மற்றச் செலவு?

- பகுதி நேர ஒருங்கிணைப்பாளர்: 4,000 × 12 = 48,000
- ஒரு மையத்துக்கு வாடகை: 2,500 × 10 = 25,000 (மத்த ரெண்டும் இலவச இடம்)
- கரண்ட்: 3 மையம் × 300 × 10 = 9,000
- போக்குவரத்து, பெட்ரோல்: 1,000 × 10 = 10,000
- பகுதி நேரக் கணக்கர்: 2,000 × 12 = 24,000
- ஆடிட், யு.சி. சான்று கட்டணம் = 10,000
- ஃபோன், பிரிண்ட், அறிக்கைச் செலவு = 6,000
- மொத்தம் 1,32,000

உண்மையான செலவு 4,92,000. ஒரு பிள்ளைக்கு சுமார் 5,467 ரூபாய். இந்த 1,32,000-தான் வருஷா வருஷம் டீச்சரோட எஃப்.டி.யிலிருந்து போனது. ரெண்டு வருஷத்துக்கு 2,64,000.

ரெண்டாவது பட்டியல்ல எது வேண்டாத செலவு? ஒருங்கிணைப்பாளர் போகலேன்னா ஆசிரியர் வந்தாரா இல்லையான்னு தெரியாது. கணக்கர் இல்லேன்னா யு.சி. கொடுக்க முடியாது. யு.சி. கொடுக்கலேன்னா அடுத்த தவணை வராது. பிள்ளைக்குச் சுண்டல் எவ்வளவு அவசியமோ, அந்தச் சுண்டல் கணக்கை எழுதுறதும் அவ்வளவு அவசியம்.

‘5 சதவீதத்துக்கு மேல நிர்வாகச் செலவு தர முடியாது’: இது யாருக்கான விதி?

நான் பயந்ததுக்குக் காரணமே இந்த 5 சதவீதம்தான். சி.எஸ்.ஆர் விதிகள்ல அப்படி ஒரு வரம்பு இருக்கறது உண்மை. ஆனா அது கம்பெனிக்கு. தன் சி.எஸ்.ஆர் பிரிவை நடத்துறதுக்குக் கம்பெனி செலவு பண்ற பொது நிர்வாகச் செலவு, மொத்த சி.எஸ்.ஆர் செலவுல 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியா ஆகுற செலவு அந்த வரம்புக்குள்ள வராது. உங்க ஒருங்கிணைப்பாளர் சம்பளம் அந்த 5 சதவீதத்துல அடங்கணும்னு சட்டம் சொல்லல.

சில கம்பெனிகள் தங்களோட சொந்தக் கொள்கையா ஒரு வரம்பு வெச்சிருப்பாங்க. அது அவங்க உரிமை. அப்பவும் செலவை மறைக்காதீங்க. மூணு விஷயம் பண்ணுங்க.

ஒண்ணு, திட்டத்துக்கு நேரடியா ஆகுற செலவை ‘நிர்வாகம்’னு மொத்தமாத் தள்ளாதீங்க. மையத்தோட வாடகை, கரண்ட், ஒருங்கிணைப்பாளர், இதெல்லாம் திட்டச் செலவு. அந்தத் தலைப்புல எழுதுங்க. பெயரை மாத்தி ஏமாத்தச் சொல்லல. அது உண்மையிலேயே திட்டச் செலவுதான்.

ரெண்டு, பல திட்டத்துக்குப் பொதுவான செலவை ஒரு முறை வெச்சுப் பிரிங்க. கணக்கர் ரெண்டு திட்டத்துக்கு வேலை பார்த்தா, நேரப்படியோ செலவு விகிதப்படியோ பிரிச்சு, எந்த முறைன்னு ஒரு வரி எழுதுங்க. அதே சம்பளத்தை ரெண்டு கொடையாளர்கிட்டயும் முழுசாக் காட்டுறது மோசடி. ஒருத்தர் கேட்டா மொத்த டிரஸ்ட் பெயரும் போயிடும்.

மூணு, கொடையாளர் தராத பகுதியை ‘அமைப்பின் பங்களிப்பு’னு தனிப் பத்தியில காட்டுங்க. மொத்தச் செலவு இவ்வளவு, உங்ககிட்ட கேட்கிறது இவ்வளவு, நாங்க திரட்டுறது இவ்வளவுன்னு மூணு எண்ணும் தெரியணும். அந்தப் பங்களிப்பு அறங்காவலரோட சொந்தப் பணம்னா, அது முதல்ல டிரஸ்ட் வங்கிக் கணக்குக்கு வரணும், ரசீது போடணும், அப்புறம் அங்கிருந்து செலவாகணும். டீச்சர் இப்படிப் பண்ணியிருந்தா பழைய வரி முறையில அவங்களுக்கு 80ஜி கழிவாவது கிடைச்சிருக்கும். பில்லை நேரடியாக் கட்டினதால டிரஸ்ட் கணக்கும் பொய்யாச்சு, அவங்களுக்கும் ஒரு பைசா கழிவு இல்ல. புதிய வரி முறையில இருக்கிறவங்களுக்கு 80ஜி கழிவு கிடையாது, அதையும் ஞாபகம் வைங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தாலும் கழிவு இல்ல.

நம்ம ஊர்க் கோயில் திருவிழா முடிஞ்சா வரவு-செலவு நோட்டீஸ் ஒட்டுவாங்க. பந்தல், மேளம், மாலை, மைக் செட்டுன்னு எல்லாம் இருக்கும். மைக் செட்டுக்குக் கொடுத்ததை யாரும் மறைக்கிறதில்ல. அது இல்லாம திருவிழா நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பட்ஜெட்டும் அப்படி இருந்தாப் போதும்.

கிராண்ட் கிடைச்சாச்சு, ஆனா பணம் எப்ப வரும்?

இது யாரும் கேட்க மறக்கிற கேள்வி. பல ஒப்பந்தங்கள்ல பணம் தவணையாத்தான் வரும். உதாரணத்துக்கு 40-40-20. அதாவது 3,60,000-ல கையெழுத்துப் போட்டதும் 1,44,000, பாதியில யு.சி. கொடுத்ததும் 1,44,000, இறுதி அறிக்கைக்கு அப்புறம் 72,000. கடைசி 72,000-ஐ நீங்க முதல்ல செலவு பண்ணிட்டு அப்புறம்தான் வாங்கணும். அது யார் கையில இருக்கு? இல்லேன்னா மறுபடியும் ஒருத்தரோட எஃப்.டி.தான்.

அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மாசவாரியா ஒரு அட்டவணை போடுங்க: இந்த மாசம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும், மாசக் கடைசியில கையில என்ன இருக்கும். எந்த மாசத்துல மைனஸ் வருதோ, அதைக் காட்டி ‘கடைசித் தவணையை 10 சதவீதமாக் குறைக்க முடியுமா?’ன்னு கேளுங்க. பேசிப் பார்த்தா ஒத்துக்கிறவங்க உண்டு. ஒப்பந்தம் போட்ட பிறகு கேட்டா யாரும் மாத்த மாட்டாங்க.

மார்ச் மாசத்து ஃபோன் கால்

சில சமயம் மார்ச் நடுவுல ஃபோன் வரும்: ‘உடனே பணம் அனுப்புறோம், 31-க்குள்ள செலவுக் கணக்குக் கொடுங்க.’ காரணம், கம்பெனி செலவு பண்ணாத சி.எஸ்.ஆர் தொகையைத் தொடர் திட்டத்துக்கானதுன்னா 30 நாளுக்குள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாத்தணும். இல்லேன்னா 6 மாசத்துக்குள்ள சட்டம் சொல்ற நிதிக்கு அனுப்பணும். உங்களுக்குப் பணம் அனுப்பினது மட்டும் ‘செலவு’ ஆகாது, நீங்க அதைப் பயன்படுத்தியிருக்கணும்.

இந்த அவசரத்துல நடக்காத செலவுக்கு பில் வாங்கி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். ‘எங்க திட்டம் ஜூன்ல ஆரம்பிக்குது, இதைத் தொடர் திட்டமா உங்க போர்டுல ஒப்புதல் வாங்க முடியுமா?’ன்னு கேளுங்க. அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு.

டிரஸ்ட் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. வர்ற வருமானத்துல 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுலயே நோக்கத்துக்குச் செலவு பண்ணணும். மார்ச்ல வந்த பணம் செலவாகலேன்னா, அடுத்த வருஷம் செலவு பண்றதுக்கு 9ஏ படிவம், அதிக காலத்துக்குச் சேர்த்து வைக்க 10-ம் எண் படிவம், ரெண்டுல ஒண்ணைக் கெடுவுக்குள்ள போடணும். இதை மறந்து வரி கட்டின டிரஸ்ட்டுகள் உண்டு. பணம் வந்த அன்னைக்கே உங்க ஆடிட்டர்கிட்ட சொல்லிடுங்க.

யு.சி.: பில் கேட்டா கோபப்படாதீங்க

‘பத்து ரூபாய் பில்லுக்குக்கூட விளக்கம் கேட்கிறாங்க’ன்னு நிறைய பேர் வருத்தப்படுவாங்க. கொடுத்த பணம் ஒப்புதல் வாங்கின வேலைக்குத்தான் போச்சுன்னு கம்பெனியோட தலைமை நிதி அதிகாரி கையெழுத்துப் போடணும்னு விதி. அவர் உங்க ஊரைப் பார்த்ததே இல்ல. உங்க பில்லை நம்பித்தான் கையெழுத்துப் போடுறார்.

முதல் நாள்ல இருந்தே நாலு பழக்கம் வெச்சுக்கோங்க.

- ஒவ்வொரு கிராண்ட்டுக்கும் தனி லெட்ஜர்.
- ஒவ்வொரு பில் மேலயும் எந்த கிராண்ட்டுலருந்து போச்சுன்னு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஒரே பில் ரெண்டு இடத்துக்குப் போகாது.
- ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கம் கொடுக்காதீங்க. கொடுத்தா அதை வரிக் கணக்குல செலவா எடுத்துக்க மாட்டாங்க.
- சுண்டல் பில்லும் வருகைப் பதிவேடும் ஒத்துப் போகணும். 70 பிள்ளைங்க வந்த நாள்ல 90 பேருக்கு பில் இருந்தா, முதல்ல கண்ணுல படுறது அதுதான்.

ஒரு தலைப்புல மிச்சம், இன்னொண்ணுல பற்றாக்குறைன்னா, செலவு பண்றதுக்கு முன்னாடியே ஈமெயில் போட்டு மாத்த அனுமதி வாங்குங்க. அனுமதி கேட்டு வர்ற ஈமெயிலைக் கொடையாளர் தப்பா நினைக்க மாட்டார். கடைசி நாள்ல வர்ற விளக்கக் கடிதத்தைத்தான் சந்தேகப்படுவார்.

டீச்சர் கதை என்ன ஆச்சு?

மூணாவது வருஷ விண்ணப்பத்தை நாங்க ரெண்டு பேரும் உக்காந்து முதல்ல இருந்து போட்டோம். மொத்தச் செலவு 4,92,000. நோட்டும் வாடகையும் சேர்த்து 61,000 ஊர்ல திரட்டுறோம். கேட்கிறது 4,31,000.

கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. “போன வருஷம் 3,60,000-ல நடந்தது, இப்ப ஏன் கூடுது?” டீச்சர் நேராச் சொன்னாங்க, “போன வருஷமும் இவ்வளவுதான் சார் ஆச்சு. மிச்சத்தை நான் போட்டேன். எனக்கு 67 வயசு ஆகுது. இனிமே முடியாது.” கூடவே நாங்க தொகுத்த ரெண்டு வருஷச் செலவுப் பட்டியலையும் கொடுத்தோம்.

அவங்க தொகையைக் கூட்டல. அந்த வருஷ ஒதுக்கீடு அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க. அதனால ரெண்டு மையம், 60 பிள்ளைங்கன்னு குறைச்சுக் கணக்குப் போட்டோம். நேரடிச் செலவு 2,40,000, மற்றச் செலவு 1,29,000, மொத்தம் 3,69,000. நோட்டுச் செலவு 24,000 ஊர்ப் பங்கு. மீதி 3,45,000-க்கு ஒப்புதல் வந்தது.

மூணாவது மையத்தை ஜூன்ல மூடினாங்க. அந்த 30 பிள்ளைங்களோட வீட்டுக்கும் டீச்சரே போய்ச் சொல்லிட்டு வந்தாங்க. அன்னைக்கு எனக்கு ஃபோன் பண்ணி, “சரியான கணக்குப் போட்டு ஒரு சென்டரை மூடிட்டோமே தம்பி”ன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அக்டோபர்ல பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து வாரத்துக்கு மூணு நாள் அதைத் திரும்ப நடத்த ஆரம்பிச்சாங்க. சுண்டல் பக்கத்து ஹோட்டல்காரர் உபயம். அதுவும் இப்ப டிரஸ்ட் கணக்குல பொருள் நன்கொடையா ஏறுது.

இந்த வருஷம் டீச்சரோட ஏ.ஐ.எஸ் பார்த்தேன். எஃப்.டி வட்டி குறையல.

நீங்க ஒரு டிரஸ்ட்டுல இருக்கீங்கன்னா இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. போன 12 மாசத்துல டிரஸ்ட் வேலைக்காக உங்க சட்டைப் பையிலிருந்தும் ஜி.பே.யிலிருந்தும் போன எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. பெட்ரோல், பிரிண்ட் அவுட், டீ, வாடகை எல்லாம். கூட்டுத் தொகையைப் போன வருஷ பட்ஜெட் பக்கத்துல வைங்க. அடுத்த விண்ணப்பத்துல அந்தத் தொகைக்கு ஒரு வரி இருக்கணும்.

மாசவாரி வரவு-செலவு அட்டவணையை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன். உங்க டிரஸ்ட்டோட பதிவு, வரி விஷயங்களை உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.